பட்டினப்பாக்கத்திலிருந்து ஓர் இசைத்தட்டைத் தேடி

"அந்தப் பழைய ரெக்கார்டு எங்காவது கிடைக்குமான்னு பாரேன்" என்று என் உம்மா ஒரு நாள் மாலை கேட்டார்கள். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவர்கள், தமக்கென்று எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவர்கள். கேட்டதோ ஒரு கிராமபோன் இசைத்தட்டு! மர்ஹூம் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களும் பின்னணிப் பாடகி கே. ராணியும் இணைந்து பாடிய தட்டு. அது எங்கள் வீட்டில் இருந்ததுதான். இல்லாமற் போனதற்குக் காரணம் வேறு யாருமல்லர், நானேதான்.

1980-களின் இறுதியில் ஒருநாள் பர்மா பஜாரிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தேன். ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில்! அந்தப் பெருமிதத்தில், வாப்பா நாகூரிலிருந்து கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் அடுக்கி வைத்திருந்த இருபது, இருபத்தைந்து தட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடுத்துப் போட்டேன். அவர் அவற்றைத் தராசில் வைக்கவே மறுத்துவிட்டார். "இது எதுக்கும் ஆவாது சார்" என்றார். வார இதழ்க் கட்டின் மேல் இனாமாக வைத்து அனுப்பினேன். அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்த வாப்பா, காலியாகக் கிடந்த மேல்தட்டைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பின் பதினோர் ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள். அத்தனை ஆண்டுகளிலும் அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

"கைப்பேசியைத் தட்டினால் எந்தப் பாட்டும் வந்துவிடுமே, இதற்கு ஏன் அலைச்சல்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கைப்பேசியை உம்மாவின் காதருகே வைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பாட்டு இதுதான். ஆனா இது பின்னால பாடினது" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஹனீபா அவர்கள் 1925 டிசம்பர் 25இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் சென்னையில் காலமானவர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேடையிலும் தட்டிலும் கேசட்டிலும் பாடியவர். ‘குலேபகாவலி’ (1955), ‘பாவமன்னிப்பு’ (1961) போன்ற திரைப்படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. இத்தனை நீண்ட இசைவாழ்வில் ஒரே பாடலை இளமையில் தட்டுக்காக ஒரு தடவையும், முதுமையில் கேசட்டுக்காகப் புதிய வாத்தியச் சேர்க்கையோடு மறு தடவையும் பாடியிருப்பது இயல்பே. பிந்திய பதிவுதான் எளிதில் கைக்குக் கிட்டுகிறது. முந்தியதைக் கேட்க வேண்டுமென்றால் தட்டைத்தான் தேட வேண்டும். தட்டைத் தேடுவதென்றால் கடையைத் தேட வேண்டும்.

(இசை கேட்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே நுழையவில்லை. எங்கள் வீட்டில் நோன்புப் பெருநாளன்றும் கந்தூரி நாட்களிலும் பெட்டி திறக்கப்படும். மற்ற நாட்களில் மூடியே இருக்கும். அவ்வளவே.)

மவுண்ட் ரோடும் ஒரு காகித உறையும்

இசைத்தட்டு வணிகம் நம் நாட்டுக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. 1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். 1908இல் அந்நகரின் சியால்தா பகுதியில் தட்டு அழுத்தும் ஆலையே வந்துவிட்டது. பின்னாளில் அது டம்டம்முக்கு மாறியது. அந்நாளைய தட்டு அரக்கால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளின் அரக்குப் பூச்சி தந்த பொருள்தான் கடல் கடந்து உலகின் பாட்டையெல்லாம் சுமந்தது என்பதை எண்ணும்போது சற்றே பெருமையாக இருக்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் சில நொடிகள் கூடுதலாகப் பாடலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல் வெளிவந்தபோது அவருக்கு வயது பத்துதான்.

சென்னையில் இந்த வணிகத்தின் நடு இடம் மவுண்ட் ரோடு. காரைக்குடியில் தந்தையாரின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுப் பழகிய ஏ.வி. மெய்யப்பன், 1930-களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு இங்கே வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டுக் கடையை நிறுவினார். பிறர் பதிந்த தட்டை விற்பதோடு நில்லாமல், ஜெர்மானிய ஓடியன் நிறுவனத்தோடு சேர்ந்து தாமே தட்டு வெளியிடும் நிலைக்கு வளர்ந்தார். பின்னர் எழுந்த ஏவி.எம். படநிறுவனத்தின் வேர் ஓர் இசைத்தட்டுக் கடையில் இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறியாது.

அக்காலத்துக் கடைகள் மறைந்துவிட்டன. ஆயினும் அவற்றின் முகவரிகள் அழியவில்லை. எப்படி என்கிறீர்களா? அந்நாளில் கடைக்காரர்கள் தம் பெயரையும் தெருவையும் அச்சிட்ட காகித உறையில் தட்டைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். பழைய தட்டு ஒன்று கையில் கிடைத்தால் பாட்டைப் பார்க்கும் முன் உறையைப் பாருங்கள். எந்த ஊரில், எந்தத் தெருவில் அது விலை போயிற்று என்பது அதில் இருக்கும். தேடத் தொடங்கிய பின் நாகப்பட்டினம், கும்பகோணம், காரைக்கால் என்று எத்தனையோ ஊர்க் கடைகளின் உறைகளைக் கண்டேன். எந்த நூலகத்திலும் எழுதப்படாத ஒரு வணிக வரலாறு அந்தப் பழுப்புக் காகிதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டைப் பதிந்து கொடுத்தவர்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு ஒலிப்பதிவு நிலையம் நினைவிருக்கும். ஒரு கதவு அகலமே உள்ள கடை. உள்ளே கூரை வரை எல்.பி. தட்டுகள். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் வெற்றுக் கேசட்டுகள். வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுகள் அடங்கும். தொண்ணூறு நிமிடத்தில் பதினெட்டு வரை போகும். கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடாமல் கணக்குப் போட்டுப் பதிவதில்தான் அவர்களுடைய திறமை இருந்தது. கைபடாத ஓர அட்டையில் முத்து முத்தான எழுத்தில் பாட்டின் முதல் சொற்களும் படத்தின் பெயரும் இருக்கும்.

உரிமைச் சட்டப்படி பார்த்தால் அது முறையான தொழில் அன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையின் ஒவ்வொரு பகுதியிலும், மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் தியாகராய நகரிலும், ஓர் இசைத்தட்டு நூலகம் பொதுமக்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததென்றால் அது இந்தக் கடைகளால்தான். நான் போய்க்கொண்டிருந்த கடைக்காரருக்கு என் தாளைப் பார்த்தாலே என் மனநிலை தெரிந்துவிடும். "இந்த ஆறாவது பாட்டு இந்த வரிசைல ஒட்டாது, வேற ஒண்ணு போடறேன்" என்பார். அவர் போட்டதுதான் சரியாக இருக்கும். நல்ல இசைத்தட்டுக் கடை என்றால் என்ன என்பதை நான் கற்றது அவரிடம்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

பின்னர் கேசட் மலிவாயிற்று. ஒலிப்பதிவு நிலையங்கள் ஒவ்வொன்றாக இறங்கு கதவை இழுத்து மூடின. கூரை வரை இருந்த தட்டுகள் எங்கே போயின? பெரும்பாலானவை மூட்டையாகக் கட்டப்பட்டுப் பழைய பொருள் வணிகர்களிடம் போயின. பழைய பொருள் என்றால் அந்நாளில் மூர் மார்க்கெட். 1900இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடம் 1985 மே 30இல் தீக்கிரையாயிற்று. புத்தகங்களோடு எத்தனை தட்டுகள் உருகின என்பதை யார் கணக்கிட்டார்கள்! கடையிழந்தவர்களுக்காகப் பிறகு எழுப்பப்பட்ட அல்லிக்குளம் வளாகத்தில்தான், தட்டுகளைத் தேடுவோர் இன்றும் முதலில் போய் நிற்கிறார்கள். நானும் அங்கேதான் முதலில் போனேன்.

இடையில் பெரிய கடைகளின் காலம் ஒன்றும் வந்து போயிற்று. நுங்கம்பாக்கத்தில் லேண்ட்மார்க் 1987இல் தொடங்கியது. ஸ்பென்சர் பிளாசாவின் மியூசிக் வேர்ல்டில் குளிர்ந்த காற்றில் நின்று காதணி மாட்டிப் பாட்டுக் கேட்டது சென்னை இளைஞர்களுக்கு ஒரு திருவிழா. அந்நிறுவனம் 2013இல் நாடெங்கும் தன் கடைகளை மூடியது. மும்பையில் 1948 முதல் நடந்த ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்பட்டது. பெரியவை போய்விட்டன. எஞ்சியிருப்பவை, ஒருவர் தம் காதையும் கைமுதலையும் மட்டும் நம்பி நடத்தும் சின்னஞ்சிறு கடைகள்தாம். டில்லி ஜாமிஆ மஸ்ஜிதை அடுத்த மீனா பஜாரில் கவ்வாலித் தட்டுகளுக்காக வெளிநாட்டாரும் தேடி வரும் சிறிய கடை ஒன்று உண்டு. பளபளப்பான பெரிய கடை எதற்கும் கிட்டாத பெயர் அதற்குக் கிட்டியிருக்கிறது.

லஸ் முனை வரை நடந்து

எங்கள் வீடு பட்டினப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம். 2004 டிசம்பர் 26இல் அலை பக்கத்துச் சீனிவாசபுரத்தை என்ன பாடுபடுத்தியது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். சாதாரண நாட்களில் கடல் செய்யும் தீங்கு வேறு வகை. உப்புக்காற்று பெட்டியின் வில்சுருளைத் துருப்பிடிக்க வைக்கும். உறைக் காகிதத்தில் பூஞ்சை ஏற்றும். கடற்கரையோரத்து வீட்டிலிருந்து வந்த தட்டு என்றால் கடைக்காரர் முதலில் முகர்ந்து பார்ப்பார். இதை நான் கண்டிருக்கிறேன்.

சாந்தோமில் திரும்பிக் கச்சேரி சாலையைப் பிடித்தால் நடந்தே லஸ் முனைக்குப் போய்விடலாம். (கச்சேரி சாலை என்ற பெயரைக் கேட்டு, மயிலாப்பூர் ஆயிற்றே, பாட்டுக் கச்சேரிதான் என்று நினைப்பவர்கள் பலர். அது பழைய நாளில் நீதிமன்றத்தையும் அரசு அலுவலகத்தையும் குறித்த கச்சேரி.) லஸ்ஸில் ஆழ்வார் பழைய புத்தகக் கடை பல பத்தாண்டுகள் நடைபாதையிலேயே இருந்தது. பழைய புத்தகம் விற்பவருக்குப் பழைய தட்டு எங்கே போகிறது என்பது தெரியும். வீடு காலி செய்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில்தானே எடுத்துப் போடுகிறார்கள்! ஆகவே என் தேடலில் நான் பெரிதும் விசாரித்தது இசைக் கடைகளில் அல்ல. பழைய புத்தகக் கடைகளிலும் மரச்சாமான் கடைகளிலும்தான். லஸ்ஸிலிருந்து இராயப்பேட்டை நெடுஞ்சாலை, மணிக்கூண்டு, பிறகு திருவல்லிக்கேணி பாரதி சாலையின் புத்தகக் கடைகள் என்று ஐந்தாறு வாரம் ஞாயிறுதோறும் நடந்தேன். மவுண்ட் ரோட்டில் 1842 முதல் இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் இசைக்கருவிக் கடையைக் கடக்கும்போதெல்லாம், கருவி விற்கும் கடை நிலைத்தது, பாட்டு விற்ற கடைகள் ஏன் நிலைக்கவில்லை என்று எண்ணிக்கொள்வேன்.

இந்த அலைச்சலில் ஏமாந்ததும் உண்டு. தியாகராய நகரில் ஒரு கடை. பெயர் வேண்டாம். ஹனீபா அவர்களின் எல்.பி. ஒன்று கண்ணாடித் தாள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. போட்டுக் காட்டச் சொன்னேன். "சீல் பிரிச்சா வேல்யூ போயிடும் சார்" என்றார் விற்பனையாளர். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் தட்டு அப்பளம் போல் வளைந்திருந்தது. கண்ணாடித் தாள் போன மாதம் சுற்றியது என்று பிறகு தெரிந்தவர் சொன்னார். அதே கடையின் சுவரில் தட்டுகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். உணவு விடுதிகளுக்கு அலங்காரமாக விற்கிறார்களாம். அதைக் கண்டதுமே நான் வெளியேறியிருக்க வேண்டும்.

பித்தளைக் குழாய் பளபளக்கும் ‘பழங்காலக் கிராமபோன்’ பற்றியும் எச்சரிக்கை தேவை. குழாய் புதிது, பெட்டி புதிது, நாய்ப் படம் போட்ட முத்திரையும் புதிது. உள்ளே இருக்கும் இயந்திரம் மட்டும் எங்கோ கழற்றியது. சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படும் இவற்றைத் தட்டின் மேல் ஓடவிட்டால் தட்டுக்குத்தான் கேடு.

பெயர்ப் பலகையில் இல்லாத கடை

ஏழாவது ஞாயிறன்று, இராயப்பேட்டைக்கும் திருவல்லிக்கேணிக்கும் நடுவே ஒரு சந்தில் அந்தக் கடையைக் கண்டேன். புத்தகக் கடைக்காரர் ஒருவர் காட்டிய வழி. பலகையில் ‘மிக்ஸி, கிரைண்டர், ரேடியோ ரிப்பேர்’ என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே பழுது பார்க்கும் மேசைக்குப் பின்னால், மரப்பலகை அடுக்குகளில், நிமிர்த்தி நிறுத்தப்பட்ட தட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் உள்ளது நசுங்கும். சாய்த்து வைத்தால் வளையும். நிமிர்த்தி நிறுத்தியிருப்பதே நல்ல கடையின் முதல் அடையாளம். கடையின் முகவரியை இங்கே எழுத வேண்டாமென்று அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டார். எழுதினால் அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். அவர் விருப்பத்தை மதிக்கிறேன்.

"வாங்க பாய், என்ன தேடுறீங்க?" என்றார். சொன்னேன். உடனே தேடத் தொடங்கவில்லை. வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது, என்ன முள் போட்டிருக்கிறது என்று விசாரித்தார். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது, எல்.பி. முள்ளை அதில் போட்டால் பள்ளத்தின் அடியில் தூசியைத்தான் துழாவும். பழைய எஃகு முள்ளாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் முள் தட்டைச் சீவும். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும் என்றும் சொன்னார். என்னிடம் பெட்டியே இல்லை என்றதும் சிரித்தார். "தட்டு வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான்" என்றார்.

அவர் சொன்ன ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். முஸ்லிம் பாடல் தட்டுகள் அவருக்கு வீடுகளிலிருந்து வந்ததைவிடச் சவுண்டு சர்வீஸ்காரர்களிடமிருந்து வந்ததே அதிகமாம். நிக்காஹ் வீடு, கந்தூரி, மீலாது விழா எதுவானாலும் விடியற்காலையில் மூங்கில் கம்பத்தில் குழாயைக் கட்டித் தட்டைச் சுழலவிட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் ஹனீபாவும் இருப்பார். காயல் ஷேக் முகம்மதுவும் இருப்பார். அடுத்த தெருக் கோயில் திருவிழாவுக்கான தட்டுகளும் அதே பெட்டியில் இருக்கும். கடலோர ஊர்களில் இருக்கும் நம் வாசகர்கள், பழைய சவுண்டு சர்வீஸ் நடத்தியவர்களின் பரணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வழக்கமாகக் கிடைப்பவை தேய்ந்த தட்டுகளே. ஆனாலும் நிறுவனங்களின் பட்டியலிலேயே இல்லாத தட்டுகளும் அங்கே இருக்கும்.

ஏனெனில் நம்மவர் பாடல்கள் பலவற்றுக்கு மறுபதிப்பே கிடையாது. திரைப்பாடலை நிறுவனம் காப்பாற்றும்; அதில் வருவாய் உண்டு. ஒரு கந்தூரிக்கும் ஒரு பெருநாளுக்குமாகச் சில நூறு பிரதி அழுத்தப்பட்ட தட்டை யார் காப்பாற்றுவார்? தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பேணி வருகிறது. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இத்துறையில் பெரும்பணி ஆற்றியுள்ளது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனியொருவராகப் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டியவர். நாகூர் தர்காவின் பக்கீர் பாடகர்களின் பாடலைப் பதிந்து வெளியிட்டது சென்னையின் எர்த்சிங்க் என்னும் சிறிய நிறுவனம்தான். பெரிய நிறுவனம் அன்று. நம் சமுதாயத்தில் செல்வந்தர்கள் உண்டு, அறக்கட்டளைகள் உண்டு. நம் பாடகர்களின் தட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஓர் அறை ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பது என் வருத்தம். அந்த வேலையை இன்று மிக்ஸி பழுது பார்க்கும் ஒருவர், தம் கடையின் பின்புறத்தில் வாடகை கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது உலகெங்கும் தட்டுக்கு மறுபடி மவுசு வந்திருப்பது உண்மையே. அமெரிக்காவில் 2022இல் விற்ற தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளை மிஞ்சியது; 1987க்குப் பிறகு அதுவே முதல் தடவை. தனிக்கடைகளுக்கென்று 2008 முதல் அங்கே ஆண்டுதோறும் ஒரு நாளே கொண்டாடுகிறார்கள். மும்பையில் 2024இல் தட்டு அழுத்தும் ஆலை ஒன்று மீண்டும் தொடங்கியிருக்கிறது. இளையராஜாவும் ஏ.ஆர். ரஹ்மானும் புதுத் தட்டில், புது விலையில் வருகிறார்கள், வாங்குகிறவர்கள் வாங்கட்டும். என் உம்மாவின் தட்டு அந்தப் புது வரவில் இராது.

பெரியவர் என் தொலைபேசி எண்ணைப் பழைய நாட்குறிப்பு ஒன்றில் எழுதிக்கொண்டார். முன்பணம் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து அழைத்தார். "வந்திருக்கு பாய். ஆனா ஒரு குறை இருக்கு, நேர்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றார். போனேன். உறையில் நாகப்பட்டினக் கடை ஒன்றின் பெயர். தட்டின் ஒரு பக்கம் கருகருவென்று மின்னியது. உம்மா கேட்ட பாட்டு இருந்த பக்கமோ சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. எஃகு முள்ளால் ஓட்டி ஓட்டித் தேய்ந்த வெளுப்பு அது. முள்ளை வைத்தார். பெருமழைக்கு அப்பால் யாரோ பாடுவது போல் இருந்தது. முந்நூறு ரூபாய் சொல்லியிருந்தவர் நூறு போதும் என்றார். பெட்டி இல்லாததால் தம்முடைய ரெக்கார்டு பிளேயரையே இரண்டு நாளைக்கு எடுத்துப் போகச் சொன்னார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினேன். சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் நெஞ்சு துள்ளியது.

உம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தேய்ந்த பக்கத்தை முதலில் வைத்தேன். இரைச்சலுக்குள்ளே குரல் வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது. அவர்கள் தலையை ஆட்டியபடி கேட்டார்கள். விடுபட்ட இடங்களைத் தாமே உதட்டுக்குள் நிரப்பிக்கொண்டார்கள். முடிந்ததும் தட்டைத் திருப்பி மறுபக்கத்தை வைத்தேன். நேற்று அழுத்திய தட்டு போல் தெளிவாக ஒலித்தது. கவனமாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கத்தை உங்க வாப்பா ஒருநாளும் போட்டதில்லை."

பிளேயரைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது பெரியவரிடம் இதைச் சொன்னேன். நாட்குறிப்பைப் புரட்டி, என் பெயருக்கு எதிரே போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு, ‘தேயாத பிரதி’ என்று எழுதிக்கொண்டார். இந்தத் தடவையும் முன்பணம் வாங்கவில்லை.